சிசிடிசி போட்டி: முதல் அடி காகிதத்தில் விழுந்தது

சிசிடிசி என்பது அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான இணையப் பாதுகாப்புப் போட்டி. அதன் பிராந்தியச் சுற்றுக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. மனசு இன்னும் ஆறவில்லை. அடுத்த சீசனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள் இடறிய இடத்திலேயே இடறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் அடி போட்டி தொடங்குவதற்கு வெகு முன்பே விழுந்தது. எங்கள் அணியில் எம்.எஸ். படிக்கிறவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் இளநிலை மாணவர்கள். கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு ராத்திரி லேபில் உட்கார்ந்து பழகினோம். பெயர்ப்பட்டியலில் 12 பேர் வரை எழுதலாம், அதில் 8 பேர் களத்தில் இறங்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது: ஓர் அணியில் முதுநிலை மாணவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அதை யாரும் படிக்கவில்லை. பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்த பேராசிரியர்தான் சொன்னார். அதற்குள் நவம்பர் வந்துவிட்டது.

மூன்று பேரில் யார் விலகுவது? லேபில் யாரும் பேசவில்லை. கடைசியில் எங்களில் நன்றாக லினக்ஸ் தெரிந்தவன், எனக்கு ஒரு செமஸ்டர் பின்னால் சேர்ந்தவன், எழுந்து, "எனக்கு இன்னொரு சீசன் இருக்குடா. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் ரெட் டீமா இருந்து உங்களை அடிக்கிறேன்" என்றான். ரெட் டீம் என்றால் போட்டியில் தாக்குகிற அணி. சொன்னபடியே செய்தான். அதன் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் எங்கள் மெஷின்களுக்குள் எதையாவது ஒளித்து வைத்துவிட்டுப் போவான். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த நல்ல பயிற்சி அதுதான். ஆனாலும் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்த அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்து சான்றிதழ். முழுநேர மாணவர்கள்தான் கலந்துகொள்ள முடியும். எங்கள் தலைவிக்கு அது கடைசி செமஸ்டர், ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. கடைசி செமஸ்டரில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. முந்தைய செமஸ்டரில் முழுநேரமாகப் படித்ததைக் காட்டினால் போதும். விதி தெளிவாக இருந்தது, கடிதம்தான் கிடைக்கவில்லை. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் முதல் தடவை கொடுத்த தாளில் 'இந்தச் செமஸ்டர் பகுதிநேரம்' என்று ஒரே வரி. அதை அனுப்பினால் பெயரை அவர்களே நீக்கிவிடுவார்கள். இரண்டாம் தடவை போனபோது, போன செமஸ்டர் விவரத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் தனி விண்ணப்பம், ஐந்து வேலை நாள் ஆகும் என்றார் கவுண்டரில் இருந்தவர். அன்று புதன்கிழமை, கடைசி நாள் வெள்ளி. அவர் திரையை விட்டு எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூன்றாம் தடவை வரிசையில் நின்றபோது பின்னாலிருந்த ஒரு பையன் சொன்னான்: மாணவர் போர்ட்டலில் பதிவுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, எல்லா செமஸ்டரும் அதிலேயே வரும் என்று. வரிசையிலிருந்து விலகாமலே போனில் எடுத்தோம். ஐந்து நிமிஷம், காசு இல்லை. கவுண்டருக்குப் போவதற்கு முன்னால் போர்ட்டலைத் துழாவிப் பாருங்கள்.

தகுதிச் சுற்று இணையத்திலேயே நடந்தது, ஒரே நாள். தேறிவிட்டோம்.

பிராந்தியச் சுற்றுக்கு முந்தின ராத்திரி இன்னொரு இடி. நாங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகள் (சிறு நிரல்கள்) எல்லாம் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில், எங்களுக்கு மட்டும் தெரிகிற தனிக் கிடங்கில் இருந்தன. போட்டிக்குள் பென் டிரைவ், போன் எதுவும் கொண்டுபோக முடியாது. இணையத்திலும் எல்லா அணிக்கும் எட்டுகிற, பணம் கேட்காத பக்கங்களைத்தான் திறக்கலாம். அதாவது எங்கள் கிடங்கைத் திறந்தாலே விதிமீறல். அச்சடித்த காகிதம் மட்டும் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஓட்டல் பிரிண்டரில் நள்ளிரவு வரை அச்சடித்தோம். 200 வரி ஸ்கிரிப்டைக் காகிதத்தைப் பார்த்து அடிக்க முடியாது, அடித்தால் பிழை வரும். அதனால் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து வரிக்குச் சுருக்கினோம். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

இனி களம். எட்டுப் பேரும் ஓர் அறையில், பேராசிரியர் வெளியே. போட்டி தொடங்கிவிட்டால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஏற்கெனவே யாரோ நடத்திவந்த ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை அப்படியே உங்கள் தலையில் கட்டுவார்கள்: பழைய விண்டோஸ் சர்வர், லினக்ஸ் பெட்டிகள், மெயில், இணையதளம், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை). நாம் ப்ளூ டீம். காப்பது மட்டும்தான் வேலை, திருப்பி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ரெட் டீம் இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள். ஒயிட் டீம் நடுவர்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஸ்கோரிங் எஞ்சின் வந்து ஒவ்வொரு சேவையும் ஓடுகிறதா என்று தட்டிப் பார்க்கும். ஓடினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

முதல் கால் மணி நேரத்தில் எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றினோம். அதைத்தான் மாதக்கணக்கில் பழகியிருந்தோம், வேகமாகவும் முடித்தோம். எஞ்சினின் அடுத்த சுற்றில், மதிப்பெண் பலகையில் பாப்3 (மெயிலை எடுத்துத் தரும் சேவை) கட்டம் சிவப்பானது.

மெயில் சர்வர் என் பொறுப்பு. சர்வீஸ் ஓடுகிறது. அதன் வாசலான போர்ட் 110 திறந்திருக்கிறது. நானே உள்ளே போய்ப் பார்த்தேன், மெயில் வருகிறது. பலகையில் சிவப்பு. ஃபயர்வால்காரர் தன் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் சர்வீஸை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன். மறுபடி சிவப்பு. ரெட் டீம் எதையோ செய்துவிட்டது என்று லாகை (சர்வரின் பதிவேட்டை) வரி வரியாகப் படித்தேன். அதில் ஒரே முகவரியிலிருந்து சீரான இடைவெளியில் யாரோ உள்ளே வர முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அதைத் தாக்குதல் என்று நினைத்து அந்த முகவரியை அடைக்கச் சொன்னேன். அது ஸ்கோரிங் எஞ்சின். பாவம், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பயனாளர் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தப் பட்டியலை ஒயிட் டீமிடம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் எஞ்சினுக்குப் புதியது தெரியும். காலையில் அதை விளக்கிச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். நாற்பது நிமிஷம் போயிற்று. ஒரு சேவை விடாமல் பல சுற்று சிவப்பில் இருந்தால் எஸ்எல்ஏ (சேவை உறுதி ஒப்பந்தம்) அபராதம் வேறு.

ரெட் டீம் அந்த நாற்பது நிமிஷத்தில் எங்களை ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்ஜெக்டுகளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலிடத்திலிருந்து வருகிற அலுவலக வேலைகள் அவை: எல்லா மெஷின்களையும் அவற்றில் ஓடுவதையும் பட்டியல் போடு, ஊழியர்களுக்கு இணையப் பயன்பாட்டுக் கொள்கை எழுது, இத்தனை மணிக்குள் டிக்கெட் சிஸ்டம் நிறுவு. கெடு தாண்டினால் எங்களுக்குப் பூஜ்யம்தான். மாலைக்குள் முடிக்க வேண்டிய ஒன்றை அழகாக எழுதி முடித்து, பிடிஎஃப் ஆக மாற்றி ஏற்றுவதற்குள் இரண்டு நிமிஷம் தாமதம். எழுத ஒருவர், கெடுவைப் பார்த்துக் கத்த இன்னொருவர் என்று இரண்டு பேரை ஒதுக்குங்கள். அழகு வேண்டாம், நேரத்துக்குப் போனால் போதும். நடுவில் ஆரஞ்சு டீம் வாடிக்கையாளராகப் போன் செய்து சத்தம் போடும். எங்கள் கடைக்குட்டி, இரண்டாம் ஆண்டுப் பெண், அதைப் பொறுமையாகச் சமாளித்துப் பாராட்டு வாங்கினாள்.

இரண்டாம் நாள் காலையில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. இணையதளத்தின் முகப்பு மாறியது, சரிசெய்தோம், ஐந்து நிமிஷத்தில் மறுபடி மாறியது. சரியாக ஐந்து நிமிஷம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் லேபில் ரெட் டீமாக இருந்தவன் ஒளித்து வைத்ததும் இதே மாதிரிதான். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியலான க்ரான்டேபைத் திறந்தால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குக் கீழே எதுவும் இல்லை. இணைய சர்வரின் பயனாளர் பெயரில் ஒரு வரி இருந்தது. அதை உடனே அழிக்கவில்லை. முதலில் நகல் எடுத்தோம், எந்த முகவரியிலிருந்து எப்போது வந்தார்கள் என்று லாகிலிருந்து குறித்தோம், எதைத் தொட்டார்கள், எப்படி அடைத்தோம் என்பதையும் எழுதி நிகழ்வறிக்கையாகக் கொடுத்தோம். சரியாக எழுதிய அறிக்கைக்கு, ரெட் டீமால் இழந்த புள்ளியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். 'யாரோ புகுந்துவிட்டார்கள், சரிசெய்துவிட்டோம்' என்று எழுதினால் ஒன்றும் வராது. எங்களுக்குக் கிடைத்தது. அறையில் எட்டுப் பேரும் கத்தியதில் கதவைத் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னார்கள்.

தேசியச் சுற்றுக்கு நாங்கள் போகவில்லை. முடிவு அறிவித்த பிறகு ரெட் டீம்காரர்கள் உட்கார்ந்து எங்கே எப்படி வந்தோம் என்று மனம்விட்டுச் சொன்னார்கள். அதைத் தவறவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். எங்களைப் பற்றிச் சொன்னவர், லினக்ஸ் பெட்டியில் 'பேக்கப்' என்ற கணக்கின் வழியாக இரண்டு நாளும் உள்ளே இருந்ததாகச் சொன்னார். அது டெபியன் என்ற லினக்ஸ் வகையில் தானாகவே இருக்கிற கணக்கு, அதனால் பட்டியலைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதன் எண் 34 ஆக இருக்க வேண்டும். அவர்கள் 0 ஆக்கி வைத்திருந்தார்கள். அதாவது இன்னொரு ரூட்.

திரும்பி வந்த ராத்திரியே, எங்களுக்காக விலகிய அந்த நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பேரை மட்டும் பாத்தீங்க, மூணாவது காலத்தைப் பாக்கலையா?" என்று கேட்டான். கணக்குப் பட்டியலில் அந்த எண் இருக்கிற பத்தியைத்தான் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்கு அவன்தான் தலைவன். எனக்குப் படிப்பு முடிகிறது, அதனால் அவனுக்கு ரெட் டீமாக இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். போர்ட்டலில் சான்றிதழை நேற்றே எடுக்க வைத்துவிட்டேன்.