முரசுக்கு விழுந்தது யாருடைய ஓட்டு?

2006 மே 11 அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் அப்பா வீட்டுக்கு வந்தார். காலையிலிருந்து வாக்கு எண்ணும் மையத்தில் ஏஜென்ட்டாக இருந்தவர். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி மெஷின் காட்டும் எண்ணை ரவுண்டு ரவுண்டாக எழுதிய நோட்டு ஒன்று கையில். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். அப்பா அதிமுக கிளைச் செயலாளர், எம்ஜிஆர் கட்சி தொடங்கிய நாளிலிருந்து வேறு கொடி பிடிக்காதவர். சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். பூத் பூத்தாக நமக்கு எவ்வளவு குறைந்தது, விஜயகாந்த் கட்சியின் முரசு சின்னத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று இரண்டு வரிசை. முரசு வரிசையைக் கூட்டினால் நாங்கள் தோற்ற வித்தியாசத்தைத் தாண்டிப் போகிறது. "இவன் மட்டும் நிக்காம இருந்திருந்தா நாமதான்" என்று பென்சிலைக் கீழே போட்டார்.

பக்கத்து வீட்டிலிருந்து அத்தை கிண்ணத்தில் குழம்பு எடுத்து வந்திருந்தார், அப்பாவின் தங்கை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் ஒன்னோட ஓட்டுன்னு யாருண்ணே சொன்னது? போன தடவ நான் பூத்துப் பக்கமே போவல. விஜயகாந்து நிக்கிறாருன்னுதான் இந்தத் தடவ போனேன்." அப்பா பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்கப்புறம் எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் தோற்ற பெரிய கட்சிக்காரர் "ஓட்டைப் பிரிச்சிட்டாங்க" என்று சொல்லும்போது எனக்கு அத்தை நின்ற அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். புதிதாக ஒரு கட்சி வளர்ந்தால் பழைய கட்சிகளுக்கு என்ன ஆகும் என்கிற கேள்விக்கு நம் ஊரில் எல்லாரும் போடுவது அப்பா போட்ட கணக்கைத்தான். அந்தக் கணக்கில் பாதிதான் சரி என்பது என் கருத்து.

விஜயகாந்தின் தேமுதிகவையே எடுத்துக்கொள்வோம். 2005 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய கட்சி, எட்டே மாதத்தில் 232 தொகுதிகளில் தனியாக நின்று 8.4 சதவீதம் வாங்கியது. ஜெயித்தது ஒரே இடம், விருத்தாசலம், அதுவும் பாமகவின் கோட்டை என்று எல்லாரும் நினைத்திருந்த ஊரில் விஜயகாந்தே நின்று ஜெயித்தது. அந்தத் தேர்தலில் திமுக அணிக்குக் கிட்டத்தட்ட 45 சதவீதம், அதிமுக அணிக்கு 40. இந்த 40-உடன் 8.4-ஐக் கூட்டிப் பார்த்தால் 45-ஐத் தாண்டுகிறது, அதனால் தேமுதிகதான் அதிமுகவைத் தோற்கடித்தது என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் 2001-ல் 59 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2006-ல் 71-ஐ நெருங்கியதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. ஐந்து வருடத்தில் கூடுதலாக வந்தவர்கள் எல்லாரும் முரசுக்காக வந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் அத்தை மாதிரி ஒரு கூட்டம் அதில் இருந்தது, எங்கள் தெருவிலேயே நாலைந்து பேரை என்னால் காட்ட முடியும். அந்தக் கூட்டத்தின் ஓட்டு யாரிடமிருந்தும் பிரிக்கப்பட்டதல்ல.

தேமுதிகவுக்கு 8.4 சதவீதத்தில் ஓர் இடம். அதே தேர்தலில் பாமகவுக்கு 5.6 சதவீதம்தான், ஆனால் 18 இடம். பாமக கூட்டணியில் இருந்தது, அதன் ஓட்டு வட மாவட்டங்களில் திரண்டு கிடந்தது. தேமுதிக ஓட்டோ கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை தெளித்த மாதிரி. அதிகம் வாங்கியவர் ஜெயிக்கும் நம் முறையில், தெளித்த ஓட்டு யாரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பாது. 1996-லும் இதைப் பார்த்தோம். வைகோவின் மதிமுக திமுக, அதிமுக இரண்டுக்கும் வெளியே நின்று ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கி ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. அதே வருடம் மூப்பனார் தொடங்கிய தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) திமுகவுடன் சேர்ந்து 39 இடம் ஜெயித்தது. அதனால்தான் சிறிய கட்சிக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் கூட்டணி தேவைப்பட்டுவிடுகிறது, பெரிய கட்சிக்காரர்களுக்கும் அது தெரியும்.

சரி, அப்படியென்றால் இந்தக் கட்சிகளால் பெரிய கட்சிகளுக்கு என்னதான் ஆகிறது? என் பார்வையில் ஓட்டு எண்ணும் நாளில் நடப்பதைவிட அதற்கு ஒரு வருடம் முன்பே நடப்பதுதான் பெரிது. 2009 மக்களவைத் தேர்தலில் தேமுதிக மறுபடி தனியாக நின்று பத்து சதவீதத்தைத் தொட்டது, ஓர் இடமும் இல்லை. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தைப் பார்த்து இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தூக்கம் போனது. எத்தனை சீட் கொடுக்கலாம், கொடுத்தால் பழைய கூட்டணிக் கட்சிகள் கோபிக்குமா, சொந்தக் கட்சியில் அந்தத் தொகுதிக்காகப் பணம் கட்டிக் காத்திருப்பவனை என்ன செய்வது, எல்லாம் அப்போதே தொடங்கிவிடுகிறது. கடைசியில் 2011-ல் அதிமுக 41 சீட் கொடுத்தது. அப்பாவைப் பக்கத்துத் தொகுதியான ரிஷிவந்தியத்துக்கு வேலை பார்க்க அனுப்பினார்கள். அங்கே நின்றது விஜயகாந்த். ஐந்து வருடம் முன்பு திண்ணையில் உட்கார்ந்து யாரைத் திட்டினாரோ அவருக்காக வீடு வீடாகப் போய் "முரசுக்குப் போடுங்கம்மா" என்று அப்பா கேட்டார். பழக்கத்தில் இரண்டு விரலைக் காட்டிவிட்டு உடனே கையை இறக்கிக்கொண்டதாக அப்புறம் என்னிடம் சொன்னார். அடிமட்டத் தொண்டனுக்குக் கூட்டணி என்றால் என்ன என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

முடிவு தெரிந்ததுதான். அதிமுக அணி 203 (அதில் தேமுதிக 29), திமுக 23. ஆறு வருடக் கட்சி, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில். ஆனால் அந்த வெற்றியிலேயே தேமுதிகவின் சரிவும் இருந்தது என்று நினைக்கிறேன். அதிமுக அணிக்கு 52 சதவீதம் அளவில் விழுந்தது, திமுக அணிக்கு 40-க்கும் கொஞ்சம் குறைவு. 2ஜி விவகாரமும் மின்வெட்டும் சேர்ந்து திமுகவை அடித்த தேர்தல் அது. தேமுதிகவின் எட்டு சதவீதத்தை அப்படியே கழித்தால்கூட அதிமுகவே முன்னால் நிற்கிறது. (கூட்டுவது போலவே இப்படிக் கழிப்பதும் முழுக்கச் சரியல்ல, ஆனால் தலைவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.) நீ இல்லாமலும் ஜெயித்திருப்போம் என்று பெரிய கட்சிக்குத் தோன்றிவிட்டால் சிறிய கட்சியின் கையில் என்ன மிச்சம்? 2012 பிப்ரவரியில் பால் விலை, பஸ் கட்டண உயர்வு பற்றிய பேச்சில் சட்டமன்றத்திலேயே மோதல் வெடித்தது, உறவு முடிந்தது. அப்புறம் தேமுதிக எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக அதிமுக பக்கம் சாய்ந்தார்கள். தனியாக நின்றவரை இவரால் யார் தோற்பார்கள் என்று இரண்டு பக்கமும் பயந்தார்கள், சேர்ந்து நின்ற பிறகு அந்தப் பயம் போய்விட்டது. இரண்டு கட்சிக்கும் மாற்று என்று நம்பி வந்தவர்களுக்கும் மனது விட்டுப்போனது. அத்தை 2011-லும் முரசுக்குத்தான் போட்டார், ஆனால் 2006-ல் இருந்த அந்த வேகம் இல்லை.

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது 2016. விஜயகாந்த் திமுக அணிக்கு வருவார், பழம் கனிந்து பாலில் விழும் என்று கருணாநிதி காத்திருந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அவர் இரண்டு பெரிய கட்சிக்கும் வெளியே இருந்த மக்கள் நலக் கூட்டணிக்குப் போனார். 104 இடத்தில் நின்று தேமுதிக வாங்கியது 2.4 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. கட்சி முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் நடுவே இருந்தது சுமார் ஒரு சதவீதம் மட்டுமே. ராதாபுரத்தில் திமுக 49 ஓட்டில் தோற்றது. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவனே 87 ஓட்டில் தோற்றார். எட்டு சதவீதத்தோடு இருந்தபோது ஆட்சியை மாற்றியதாகச் சொல்லப்பட்ட கட்சி, தேய்ந்துபோய் 2.4-க்கு வந்தபோதுதான் உண்மையில் அந்த அளவுக்குப் பக்கத்தில் நின்றது. அதனால் சிறிய கட்சியின் பலத்தை அதன் சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பேன். பெரிய இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்று எண்ணி முடிக்கும் வரை யாருக்கும் தெரியாது, அதனால்தான் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு விடிய விடிய நடக்கிறது.

சீமானின் நாம் தமிழர் இதற்கு நேர் எதிர். யாருடனும் சேருவதில்லை, பாதி இடம் பெண்களுக்கு, 2016-ல் ஒரு சதவீதம், 2021-ல் 6.6, 2024 மக்களவைத் தேர்தலில் 8.2. ஓர் இடமும் ஜெயிக்காமலேயே 2024-க்குப் பிறகு மாநிலக் கட்சி அங்கீகாரம் வாங்கியது. பேரத்துக்கு வராத கட்சியைப் பெரிய கட்சிகளுக்கு எப்படிக் கையாள்வதென்று தெரியவில்லை. அதனால் எதிராளிக்கு மறைமுகமாக உதவும் 'பி டீம்' என்கிறார்கள். அந்தக் கட்சியின் பேச்சில் எனக்கு உடன்பாடில்லாதது நிறைய உண்டு. ஆனாலும் அதற்குப் போடுகிறவரைப் பார்த்து ஓட்டை வீணாக்காதே என்று சொல்வது எனக்குக் கோபத்தையே வரவைக்கிறது. அவர் ஓட்டு அவருடையது. அது வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும், ஏன் எனக்குப் போடவில்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் சதவீதத்தில் எழுத முடியாது. ரேஷன் பொருள் வீடு தேடி வரும் என்பதுதான் விஜயகாந்த் மேடைக்கு மேடை சொன்ன வாக்குறுதி. நடக்கிற காரியமா என்று அப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள், அப்பாவும் கேட்டார். 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் இறந்தார். 2025 ஆகஸ்டில் திமுக அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது, 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசியும் சர்க்கரையும் வீட்டுக்கே. அத்தைக்கு இப்போது 72, தனியாகத்தான் இருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வண்டி வந்தது. வாசலில் எடை போட்டு, மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். தேய்ந்த விரல், இரண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்தது. வண்டி போனதும் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, திண்ணையில் இருந்த அப்பாவைப் பார்த்து, "நான் ஓட்டுப் போட்டது இதுக்குத்தாண்ணே" என்றார்.