ஒரே லைப்ரரி, இரண்டு பதிப்புகள்

3 மார்ச் 2025, திங்கள்

நிரலைக் கட்டும் பில்டு பிழையின்றி முடிந்து, டெஸ்டுகளும் தேறிய பிறகு, சர்வரில் பில்லிங் மாட்யூல் ‘நோ சச் மெத்தட்’ (அழைத்த செயற்கூறு இல்லை) என்ற பிழையுடன் விழுந்தது. எங்கள் பொது மாட்யூல், ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் லைப்ரரியின் புதிய பதிப்பைக் கொண்டு கம்பைல் செய்யப்பட்டிருந்தது. பில்லிங்கோ அதன் பழைய பதிப்பைத் தன் போம் கோப்பில் (தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் கோப்பு) நேரடியாகவே கேட்டிருந்தது. இப்படி இரண்டு பதிப்புகள் மோதும்போது, எங்கள் பில்டு கருவியான மேவன் எண்ணில் பெரியதைத் தேடுவதில்லை, எது எதைச் சார்ந்தது என்று காட்டும் சார்பு மரத்தில் வேருக்கு (கட்டப்படும் மாட்யூலுக்கு) அருகில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழையதே உள்ளே வந்தது. பொது மாட்யூல் அழைத்த மெத்தட் அதில் இல்லவே இல்லை, அந்த வழியாகச் செல்லும் டெஸ்டும் எங்களிடம் இல்லை. சார்பு மரத்தை அச்சிட்டுப் பார்க்க ஒரு கட்டளை போதும். அது எனக்கு நினைவுக்கு வர அரை நாள் ஆயிற்று.

4 மார்ச், செவ்வாய்

பதிப்பு எண்கள் அனைத்தையும், எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவான தாய் போமின் ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதிக்கு மாற்றினேன். அங்கே எழுதிய எண், நாம் நேரடியாகக் கேட்காமல் வேறொரு லைப்ரரியின் வழியே வந்து சேரும் சார்புகளையும் கட்டுப்படுத்தும் என்பதே இதன் பெரும் பயன். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லாக் பதிவு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என ஒரே மாதத்தில் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன; எண்ணை ஓரிடத்தில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வரியை மாற்றினால் போதுமாயிருந்தது.

கிரேடில் என்ற வேறொரு பில்டு கருவியில் பழகிய சக ஊழியர், அது இயல்பாகவே உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்குமே என்றார். உண்மைதான், ஆனால் முதன்மை எண் (முதல் புள்ளிக்கு முன் உள்ளது) மாறியிருந்தால், உயர்ந்த பதிப்பிலும் பழைய மெத்தட் நீக்கப்பட்டிருக்கலாம்.

5 மார்ச், புதன்

அதே பிழை மீண்டும். பில்லிங்கின் போமில் பழைய எண்ணை நீக்க மறந்திருக்கிறேன். பிள்ளை மாட்யூல் தன் கோப்பில் எழுதிய எண்ணுக்குமுன் தாயின் எண் செல்லாது. நீக்கினேன்.

7 மார்ச், வெள்ளி

ஒரே கமிட்டை (சேமித்து வைத்த நிரல் நிலையை) எடுத்த இருவருக்கு இரண்டு விதமான முடிவுகள் வந்தன. காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது இன்னும் வெளியிடப்படாத, வளர்ச்சியில் உள்ள பதிப்பு: பெயர் மாறாது, உள்ளடக்கம் மட்டும் மாறும், மேவனோ புதியது வந்திருக்கிறதா என்று வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் விசாரிக்கும். முதன்மைக் கிளையில் இனி ரிலீஸ் பதிப்புகள் மட்டுமே என்று முடிவு செய்தோம். சிறு திருத்தத்துக்கெல்லாம் ரிலீஸ் போட வேண்டுமா என்று பொது மாட்யூலைப் பார்த்துக்கொள்பவர் அலுத்துக்கொண்டதில் நியாயம் உண்டு. ஆயினும் எந்த ஜாரை (கட்டி முடித்த நிரல் கோப்பை) ஓட்டினோம் என்றே தெரியாமல் பிழையைத் தேடுவது அதைவிடப் பெரிய வேலை.

10 மார்ச், திங்கள்

தனி ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) இருக்கும் மாட்யூல்கள் தாய் போமின் பழைய பதிப்பையே இன்னும் சுட்டுகின்றன. அந்த எண்ணை இன்று ஆறு இடங்களில் கையால் மாற்றினேன்.