38 மதிப்பெண்ணும் 66 மதிப்பெண்ணும்: என் இரண்டு வங்கி நேர்காணல்கள்

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் வங்கி அதிகாரி நேர்காணலுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 2023 தொடக்கத்தில் முதல் முறை, 100க்கு 38. அடுத்த ஆண்டு இரண்டாம் முறை, 66. கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டு முறையும் ஒன்றுதான். நடுவில் நான் புதிதாக எந்தப் புத்தகமும் படித்துவிடவில்லை. பதில் சொன்ன விதம்தான் மாறியது. அதைத்தான் எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மெயின்ஸ் எனும் முதன்மை எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், நேர்காணலுக்கு 20 சதவீதம். பொதுப் பிரிவினர் நேர்காணலில் குறைந்தது 40 எடுக்க வேண்டும், எங்களைப் போன்ற ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட) பிரிவினருக்கு 35. அதனால் 38 எடுத்த நான் தகுதி பெற்றேன், ஆனால் இறுதிப் பட்டியலில் இல்லை. மெயின்ஸில் என்னைவிடக் குறைவாக எடுத்த நண்பனுக்கு வேலை கிடைத்தது. வெறும் 20 சதவீதம்தானே என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பதறும்.

சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத் தொழிலாளி. நான் மெக்கானிக்கல் படித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்து, 2021இல் அதை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்க வந்தவன். பயிற்சி மையத்தில் நேர்காணலுக்கென்று ஒரு நோட்டு கொடுத்தார்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு எட்டு வரி, 'ஏன் வங்கி' என்பதற்கு ஆறு வரி. அதை அப்படியே மனப்பாடம் செய்தேன்.

முதல் நேர்காணலில் எதிரே ஐந்து பேர். பெயர், படிப்பு, பொழுதுபோக்கு, குடும்பத்தில் நான்கு பேர் என்று ஒப்பித்தேன். ஊரைப் பற்றிக் கேட்டதும் முத்து, துறைமுகம், உப்பு, மக்ரூன் என்று அடுக்கினேன். நடுவில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்று அதே பட்டியலை அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. 'ஏன் வங்கி' என்றதற்கு, வேகமாக வளரும் துறை, என் பொறியியல் அறிவு பயன்படும் என்றேன். 'எப்படிப் பயன்படும்?' என்றார் ஓரத்தில் இருந்த மேடம். நோட்டில் அதற்கு மேல் எதுவும் இல்லை. 'உங்கள் பலவீனம் என்ன?' என்றார்கள். எந்த வேலையையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் பலவீனம் என்றேன். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச விதிகளான பேசல் 3 பற்றிக் கேட்டபோது தெரியாது என்று சொல்லப் பயந்து எதையோ சுற்றி வளைத்தேன். அதிலிருந்தே அடுத்த மூன்று கேள்விகள் வந்தன. மூன்றிலும் மாட்டினேன்.

அந்த வருடக் கடைசியில், பக்கத்துத் தெருவில் வங்கி கிளார்க்காக இருக்கும் ஓர் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்லுத தம்பி. ஆனா இதுல நீ எங்க இருக்க?" என்றார்.

அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் ஓடியது. நான் ஏன் வங்கி வேலைக்கு ஆசைப்பட்டேன்? அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். நான் எட்டாவது படிக்கும்போதே குழுவின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அம்மாவோடு வங்கிக்குப் போவேன். பணம் கட்டும் செலானை நான்தான் நிரப்புவேன். ஒருநாள் தொகையை எழுத்தில் தப்பாக எழுதிவிட்டேன். கவுன்டரில் இருந்தவர் திட்டவில்லை. இன்னொரு செலான் கொடுத்து, 'பொறுமையா எழுதுப்பா' என்று காத்திருந்தார். பின்னால் வரிசை நின்றது. அளத்து வேலை முடிந்து கால் நிறைய உப்பு வெடிப்போடு வந்த பெண்களை அந்தக் கிளையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார வேண்டும் என்று நினைத்தது அங்கேதான். முதல் நேர்காணலில் இதை நான் சொல்லவே இல்லை. அளத்தையும் குழுவையும் அங்கே போய்ச் சொன்னால் குறைவாக நினைப்பார்களோ என்று மறைத்தேன். சொல்ல வேண்டியதே அதுதான் என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது.

அப்புறம் தயாரிப்பு முறையை மாற்றினேன். பதில்களை எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் என் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் குறித்துக்கொண்டு, போனில் பதிவு செய்து பேசிப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்குச் சரளம் கிடையாது. ஆனால் நடந்ததைச் சொல்லும்போது சொற்கள் தேடாமல் வந்தன. மனப்பாடம் செய்ததில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், இதில் அந்தப் பயம் இல்லை.

இரண்டாவது நேர்காணல் 2024 தொடக்கத்தில் சென்னையில் நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் தெருவில் வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை.

'உங்களைப் பற்றி' என்றார்கள். பெயர், படிப்பு, ஒரகடம் வேலை எல்லாவற்றையும் மூன்று வாக்கியத்தில் முடித்தேன். அப்பா உப்பளத் தொழிலாளி, அம்மா குழுவில் இருக்கிறார், அவர்களுடைய செலானை நிரப்பித்தான் வங்கி எனக்கு அறிமுகமானது என்றேன். நேர்காணல் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பளமா? சரி, ஓர் உப்பு உற்பத்தியாளர் உங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வருகிறார். தவணையை எப்படி வைப்பீர்கள்?"

இந்தக் கேள்வி எந்த நோட்டிலும் இல்லை. ஆனால் பதில் எங்கள் வீட்டில் இருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாத்திகள் தண்ணீரில் கிடக்கும், உப்பு வார முடியாது, அப்பாவுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் மளிகைக் கடையில் கடன் சொல்வோம். கோடையில்தான் விளைச்சல், கையில் காசு புரளும். அதனால் மாதாமாதம் ஒரே தொகை என்று வைக்காமல், உப்பு விளையும் மாதங்களில் அதிகமாகவும் மழை மாதங்களில் வட்டி மட்டுமாகவும் வைக்கலாம் என்றேன்.

"டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய உப்பெல்லாம் கரைந்துவிட்டது. தவணை வரவில்லை. இப்போது?"

அம்பாரமாகக் குவித்து வைத்த உப்பு கரைந்து போனதை நான் நேரில் பார்த்தவன். அதைச் சொன்னேன். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன் ஆகிவிடும், அதுவரை காத்திருக்காமல் முதலில் அளத்துக்குப் போய்ப் பார்ப்பேன் என்றேன். எவ்வளவு கரைந்தது, பாத்தியைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டு, பேரிடர் பாதித்த பகுதிகளில் கடனை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருப்பதால் அதன்படி மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். ஏழெட்டு நிமிடம் உப்பிலேயே போனது. வியர்வை துடைக்க நான் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

முதல் பதிலில் எதைச் சொல்கிறோமோ அங்கிருந்துதான் அடுத்த கேள்வி கிளம்புகிறது. பொதுவாகச் சொன்னால் அவர்கள் விருப்பப்பட்ட இடத்தில் கேட்பார்கள். நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே நிற்பார்கள். அதற்காக இல்லாத கதையைச் சொல்லக் கூடாது. இரண்டாவது துணைக்கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மற்ற கேள்விகள் சட்சட்டென்று போயின. வேலையை விட்டு இரண்டு வருடத்துக்கு மேல் என்ன செய்தீர்கள் என்றார்கள். முதல் முறை இதே கேள்விக்கு 'குடும்பச் சூழ்நிலை' என்று மழுப்பி, தோண்டித் தோண்டிக் கேட்க வைத்தேன். இந்த முறை, தேர்வுக்குப் படித்தேன், மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன், போன வருடம் இதே நேர்காணலில் தோற்றேன் என்று நேராகச் சொன்னேன். அதோடு விட்டுவிட்டார்கள். பலவீனம் கேட்டபோது, பலர் முன்னால் ஆங்கிலம் பேசினால் பதற்றத்தில் வேகம் கூடிவிடும், போனில் பதிவு செய்து கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். 'இப்போது மெதுவாகத்தான் பேசுகிறீர்கள்' என்றார் எதிரே இருந்த ஒரு மேடம்.

வட மாநிலத்தில் போட்டால் போவீர்களா என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் தவறாமல் வரும். 'எங்கே வேண்டுமானாலும் போவேன்' என்று வீராப்பாகச் சொல்வதைவிட, இந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேச வராது, போனால் ஆறு மாதத்தில் வாடிக்கையாளரிடம் பேசுமளவு கற்றுக்கொள்வேன் என்று உண்மையைச் சொன்னேன். செக் போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டம் எந்த ஆண்டு என்று கேட்டபோது, "ஆண்டு நினைவில்லை சார். 138ஆவது பிரிவு செக் திரும்பி வருவது பற்றியது என்று தெரியும்" என்றேன். "1881" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். பேசல் 3இல் நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1ஆம் தேதி முடிவு வந்தது. பட்டியலில் இருந்தேன்.

சான்றிதழ் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. உள்ளே போகும் முன் சரிபார்ப்பு நடக்கும். எனக்கு முன்னால் நின்ற தம்பி, மாநில அரசின் பி.சி. சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் கேட்பது மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ், அதில் கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவில்) வரவில்லை என்ற வாசகமும் இருக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் வாங்கியதா என்றும் பார்ப்பார்கள். அவர் வெளியே வராந்தாவில் நின்று ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், கை நடுங்கியது. மெயின்ஸ் எழுதிய கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.