குரண்டாவில் நினைவுக்கு வந்த வளரி

ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரில் வசிக்கும் தங்கையின் வீட்டுக்கு அம்மா, அப்பா, மகளுடன் சென்றிருந்தபோது, மலைமேல் குரண்டாவில் உள்ள மழைக்காட்டுப் பூங்காவில் ஒரு நாளைக் கழித்தோம். கோலா தூங்கிக்கொண்டிருந்தது, கங்காரு என் மகளின் கையிலிருந்து தீனி வாங்கித் தின்றது. காசோவாரியின் முன்னேதான் நெடுநேரம் நின்றோம். நீலக் கழுத்தும் தலையில் கொம்பு போன்ற புடைப்புமாக ஆளுயரம் நிற்கும் அந்தப் பறவையில், பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, ஆண்தான் ஏறக்குறைய 50 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சுகளையும் மாதக்கணக்கில் வளர்க்கிறதாம். இதைக் கேட்டதும் அம்மா ஒன்றும் சொல்லாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

குரண்டா ஜாபுகாய் மக்களின் பூர்விக நிலம். பூங்காவில் பூமராங் எறியக் கற்றுத்தந்த பழங்குடி இளைஞர், அதைத் தட்டையாக வீசாமல் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டிவிட வேண்டும் என்றார். சுழலும்போது மேல்பக்கச் சிறகு கீழ்ப்பக்கத்தைவிட வேகமாகக் காற்றை வெட்டுவதால்தான் அது வளைந்து திரும்புகிறது. நான் எறிந்தது திரும்பவில்லை. வேட்டைக்கான கனத்த பூமராங்குகளும் திரும்புவதில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். மரங்கள் நெருங்கிய அந்தக் காட்டில் பூமராங்கைவிடப் பெயர்பெற்றவை, அத்திமரத்தின் பலகை வேரில் செதுக்கி வண்ணம் தீட்டிய அகன்ற கேடயமும் நீண்ட மரவாளும்தான்.

அவர் பேசப் பேச எனக்கு, பூமராங்கைப் போலவே வளைந்த நம் எறி ஆயுதமான வளரியே நினைவுக்கு வந்தது. 1795இல் சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதியிருக்கிறார். தேர்ந்த கையிலிருந்து நூறு கஜத்துக்குள் அது குறி தவறாது என்பது அவர் கணிப்பு. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தெற்குப் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதும் அவ்வாண்டே தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு வித்தை, அதன்பின் பெரும்பாலும் கதையாகவும் சாமி சிலைகளின் கையிலுமே தங்கிவிட்டது.

சென்னை திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வளரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், குரண்டாவில் அந்த இளைஞர் திருத்திவிட்டபடியே தன் வெறுங்கையை நிமிர்த்தி, மணிக்கட்டை ஒருமுறை சுண்டிப் பார்த்தாள்.