கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் பெரும்பாலும் கடன் பிரிவிலேயே கழிந்தது. நகை, வீடு, லாரி, தையல் மிஷின், மாவு கிரைண்டர் என்று எதெதற்கோ கடன் கொடுத்திருக்கிறேன், அதில் பாதியை நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒன்றின் முகமும் இப்போது ஞாபகமில்லை. லாரிக்கு ஏது முகம். ஆனால் 1987-இல் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தபோது நான் பார்த்து எழுதிக் கொடுத்த ஒரு பெண்குதிரையின் முகம் மட்டும் பென்சிலால் வரைந்து காட்டுகிற அளவுக்கு இன்றைக்கும் இருக்கிறது, வலது கண்ணுக்குக் கீழே இருந்த சுழி உட்பட.

அப்போது டி.ஆர்.ஐ. என்று ஒரு கடன் திட்டம். 1972-இல் வந்தது. ரொம்ப ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில், ஜாமீன் கேட்காமல் கொடுக்க வேண்டும். முந்தைய வருஷம் வங்கி கொடுத்திருந்த மொத்தக் கடனில் 1 சதவீதம் இதற்குப் போக வேண்டும் என்று கணக்கு. மேனேஜர்களுக்கு இந்தக் கடனைக் கண்டாலே பிடிக்காது, மார்ச் நெருங்கினால் மட்டும் பிடிக்கும். இஸ்திரி வண்டி, இட்லிக்கடை, மீன்கூடை என்று கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருநாள் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். பழைய குதிரை போய்விட்டது, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை கூடும், அங்கே போய் ஒரு மட்டக்குதிரை பிடித்து வரவேண்டும், வண்டிக்குச் சக்கரமும் மாற்ற வேண்டும், மொத்தம் ஐயாயிரம்.

கொட்டேஷன் கொண்டு வாங்க என்றேன். நான் அப்போது புதுசு, எதற்கெடுத்தாலும் கொட்டேஷன் கேட்பேன். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தையில் யார் கொட்டேஷன் தருவார்கள்? பாய் தன் நான்கு விரலை நீட்டிக் காட்டினார். "இதான் சார் அங்க கொட்டேசன்." பக்கத்து மேஜையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அவர் கையெழுத்தையே வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம்.

எங்கள் மேனேஜர் கும்பகோணத்துக்காரர். பணம் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "ஓய், குதிரை வாங்கப் பணம் கொடுத்த முதல் கேஸ் என்ன ஆச்சு தெரியுமோ? பாண்டியன் கஜானாப் பணம், மாணிக்கவாசகர் கையில கொடுத்தான், திருப்பெருந்துறையில கோயிலாப் போச்சு. அப்புறம் வந்த குதிரையெல்லாம் ராத்திரி நரியா மாறி ஊளையிட்டுது. நீர் போய் பகல்ல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாத்துட்டு வாரும்." சிரிப்புக்குச் சொன்னாலும், கடன் பணத்தில் வாங்கிய பொருளை நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டியது என் வேலைதான்.

போனேன். மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்தில் ரயில்வே சுவரை ஒட்டிய சந்து, காலை ஏழு மணி. கொள்ளு வேகிற வாசனை, ஈரப்புல் வாசனை, அதற்கு மேல் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. பாய் சாக்குத் துணியால் குதிரையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளையில் சார் என்று கூப்பிட்டவர், அவர் வாசலில் தம்பி ஆக்கிவிட்டார்.

"இன்னா தம்பி, குதிரைய எண்ண வந்தியா? ஒண்ணுதான். எண்ணிக்கோ."

வேகவைத்த கொள்ளை ஒரு பிடி என் கையில் வைத்து, கையை விரித்து நீட்டச் சொன்னார், விரலை மடக்கக் கூடாதாம். அந்த உதடு என் உள்ளங்கையில் பட்டதை எப்படிச் சொல்வது? உதடு தனி, குதிரை தனி மாதிரி இருந்தது. மேலுதடு தானாக அலைந்து ஒவ்வொரு பருப்பாகத் தேடிப் பொறுக்கியது, கடைசிப் பருப்பு என் விரலிடுக்கில் மாட்டியிருந்ததையும் கண்டுபிடித்தது. உறுமி மாதிரி ஒரு மூச்சு. கை முழுக்க வெதுவெதுப்பான எச்சில். அத்தோடு ரிப்போர்ட்டில் எழுதியது "குதிரை ஒன்று, நல்ல நிலையில் உள்ளது".

அடமானப் பொருளின் மேல் வங்கியின் பெயரை எழுத வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சர்க்குலர் உண்டு. லாரியில் எழுதலாம், கிரைண்டரில் ஸ்டிக்கர் ஒட்டலாம். குதிரையில் எங்கே எழுதுவது? வண்டிப் பலகையில் எழுதச் சொன்னேன். பாய் எழுதவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

திரும்பும்போது வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். ஜட்காவில் போனவர்களுக்குத் தெரியும், கீழே வைக்கோல், அதன் மேல் சாக்கு, காலை மடக்கி உட்கார வேண்டும். நான் ஏறியதும் பின்னால் சாய்ந்தேன், வண்டி தூக்கியது. "முன்னாடி வா, முன்னாடி வா" என்றார். வந்தேன். "ரொம்ப வந்துட்ட, அது கழுத்துல குந்திக்கினு வரியா?" பின்பாரம் ஆனால் ஏர்க்கால் குதிரையை மேலே தூக்கும், முன்பாரம் ஆனால் முதுகில் அழுத்தும், சரியான இடம் என்பது ஒரு சாண் அகலம்தான். குதிரைக்கு என் எடை இருக்கிறதே தெரியக் கூடாது என்றார். கல்மண்டபம் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டபோது சவுக்குக் கட்டையைச் சக்கரக் கம்பிக்குள் விட்டார், டரடரடரவென்று ஒரு சத்தம், முன்னால் போன சைக்கிள்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கினார்கள். ஆர்ன் எல்லாம் அப்புறம் வந்ததுதானே. பாயின் தாத்தா ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் வண்டி போட்டவராம். அந்த ஸ்டேஷனிலிருந்துதான் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் போனது, 1873-இல் சென்ட்ரல் வந்த பிறகு சவாரி அந்தப் பக்கம் போய்விட்டது என்று, நேற்று நடந்ததுபோல வருத்தப்பட்டார். தீவுத்திடலில் மன்றோ சிலை இருக்கிறதே, 1839-இல் வைத்தது, அதைப் பற்றியும் அவருக்குக் குறை உண்டு. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை, துரை எப்படி விழாமல் உட்கார்ந்திருக்கிறார்? மவுண்ட் ரோடு பக்கம் ஆபீஸ் வேலையாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து அந்தச் சிலையின் வயிற்றுப் பக்கம் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சரி, இன்ஷூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கடனில் வாங்கிய பிராணிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். மாட்டுக்குக் காதில் தகடு அடித்துவிடுவார்கள், நம்பர் இருக்கும், வேலை முடிந்தது. இந்தக் குதிரைக்குத் தகடு இல்லை, அடையாளம்தான். நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள். நமக்குக் கைரேகை மாதிரி குதிரைக்குச் சுழி, ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, அதனால் டாக்டர்கள் குதிரைப் படம் போட்ட தாளில் அது இருக்கிற இடத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். இதை எனக்குச் சொன்னவர் கூட வந்த கால்நடை டாக்டர். அவர் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, கடனில் வாங்கியதைப் பார்க்கலாம் போல. சந்தையில் ஆறு வயசு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கீழ்வரிசை முன்பல்லில் இருக்கும் குழி நடுப்பல்லில் ஆறு வயதிலும், அதற்கடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் தேய்ந்துபோகும், இதில் ஒன்றிலுமே குழி இல்லை, மேல் ஓரப்பல்லில் ஒரு பழுப்புக் கோடு வேறு இறங்க ஆரம்பித்திருக்கிறது, பத்துக்குக் குறையாது என்றார். பாய் அதிர்ச்சி அடைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

டாக்டர் குதிரையைச் சுற்றி வந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நெற்றியில் ஒரு சுழி. கழுத்தில் இரண்டு பக்கமும். வலது கண்ணுக்குக் கீழே ஒன்று. அதற்குள் அவரை யாரோ கூப்பிட, எழுதி முடித்துக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று வெளியே போனார்.

பாய் என் கையைப் பிடித்தார். நிஜமாகவே பிடித்தார், பேனாவோடு சேர்த்து.

"அத்த மட்டும் எழுதாத தம்பி."

கண்ணீர்ச் சுழி அது. கண்ணீர் இறங்குகிற வழியில் இருக்கிற சுழி. வைத்திருக்கிறவன் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். கழுத்தடியில் தேவமணி என்கிற சுழி இருந்தால் அதிர்ஷ்டம், இது இருந்தால் வாசலில் கட்ட மாட்டார்கள். பத்து வயசுக் குதிரை நான்காயிரத்துக்குள் எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் அந்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவி மயிரைப் படிய வைத்திருக்கிறார், வீட்டில்கூடச் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், நாளைக்கு விற்கவும் முடியாது. அதைவிட, எழுதிவிட்டால் அது நிலைத்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. எங்கள் வீட்டிலும் ஜாதகத்தில் சிலதைப் படித்துச் சொல்ல வேண்டாம் என்று ஜோசியரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எழுதவில்லை. மூன்று சுழி என்று எழுதினேன். டாக்டர் வந்து படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

1989 நவம்பர் மழையில் குதிரைக்கு வயிற்றுவலி வந்தது. புல் நனைந்து புளித்திருக்கலாம் என்று பாய் சொன்னார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான், அடைத்துக்கொண்டால் வயிறு உப்பும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், காலால் தரையைப் பறிக்கும், விழுந்து புரளும். புரள விடாமல் நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று நடத்தியிருக்கிறார். பின்னிரவில் வீட்டிலிருந்து கிளம்பி யானைகவுனி வழியாக வேப்பேரி மாட்டாஸ்பத்திரி வரைக்கும், அவரும் மகனும் ஆளுக்கொரு பக்கம். பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு தடவை படுத்திருக்கிறது, எழுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மதியம் போய்விட்டது.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் நான்கு சுழி. அவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது, அடையாளக் குறிகள் ஒத்துப்போகாததால் இறந்தது காப்பீடு செய்த குதிரைதான் என்று கொள்வதற்கில்லை. நான்கு வரி. குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, தாளில் இருந்தது என் கையெழுத்து. நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருக்கலாம், விடுபட்டது என் தவறு என்று. எழுதினால் என் மேல் மெமோ வரும். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம், ஆபீசர் பிரமோஷன் லிஸ்டில் பெயர் இருந்தது. எழுதவில்லை. இரண்டாவது தடவையும் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும்.

பாயிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, "நாந்தான எழுத வேணாம்னேன். சுழி வேலைய காட்டிடுச்சு" என்றார். என் மேல் துளி வருத்தம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவருக்கு அது சுழியின் வேலை. மயிர் சுற்றி முளைத்ததற்கு எதுவும் செய்யத் தெரியாது, செய்தது என் பேனா என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கடனில் பாதி பாக்கி, இரண்டாயிரத்து நானூறு. குதிரை மேல் வாங்கிய கடன், குதிரை இல்லை, ஜாமீன் இல்லை, வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிடலாம் என்று புது மேனேஜர் சொன்னார். ஆனால் பாய் மாசம் நூறு கட்டினார். ஜட்காவை உடைத்து மரத்துக்கு விற்றுவிட்டு மீன்பாடி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, கொத்தவால் சாவடியிலிருந்து மூட்டை அடித்தார். குதிரை இழுத்ததை அவர் மிதித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். சில மாசம் ஐம்பது, சில மாசம் சில்லறையாக. கவுண்டரில் காசாளர் "என்ன கணக்கு" என்று கேட்டால் "குதிர லோன்" என்பார், வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 1992-இல் முடிந்தது. நோ டியூ சர்டிபிகேட்டை நான்தான் டைப் அடித்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அது பேருல இனிமே ஒண்ணுமில்லதான?" என்று கேட்டார். ஒன்றுமில்லை பாய் என்றேன்.

1996-இல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போனது. அதற்குள் எனக்கு இரண்டு டிரான்ஸ்பர். தங்கசாலை மணிக்கூண்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்த மிச்சசொச்ச ஜட்காக்கள் எப்போது போயின என்று நான் கவனிக்கவில்லை, திரும்பி வந்தபோது அங்கே ஆட்டோக்கள் நின்றன. இப்போது வண்ணாரப்பேட்டைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது.

போன தை மாசம் சவுகார்பேட்டையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை, நெற்றியிலிருந்து முகம் முழுக்க முத்துச்சரமும் ஜரிகையும் தொங்க, பேண்டு சத்தத்துக்கு நடுவில் அசையாமல் நின்றது. பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான் பக்கத்தில் போய் முன்னால் சரியாக நின்று, ஜரிகையை லேசாக விலக்கி, வலது கண்ணுக்குக் கீழே பார்க்கப் போனேன். பார்ப்பதற்கு முன்பே பையன் என் கையைத் தள்ளிவிட்டு, சரத்தை இழுத்துக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் இறக்கிவிட்டான்.

"இன்னா சார் பாக்குற?"

ஒண்ணுமில்லைப்பா என்றேன்.