தீர்மானம் எழுதாத பக்கம்

"தீர்மானமே இன்னும் எழுதலையே அண்ணே, எதுக்குக் கீழ கையெழுத்துப் போடச் சொல்றீங்க?"

இன்று காந்தி ஜெயந்தி கிராம சபையில் எங்கள் தெருப் பெண் கேட்டாள். பி.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு.

நீட்டிய நோட்டில் மேல்பாதி வெறுமையாக இருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள், நடுவில் பெருவிரல் ரேகைகள்.

அவள் நகரவில்லை. தீர்மானங்களை எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவை வாங்கினாள்.

"எங்கேம்மா படிச்ச இதை?" என்றேன்.

"வகுப்புலதான் மாமா. அரசமைப்போட 73-ஆவது திருத்தம், கிராம சபை பத்தின 243ஏ பிரிவு."

1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம். அதைத் தொடர்ந்து 1994-இல் நம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும், நீங்கள் கிராம சபை உறுப்பினர். அங்கே உட்கார்ந்திருந்த பலருக்கு இது இன்றுதான் தெரிந்தது.

இந்தப் படிப்பில் சேர்ந்த பிள்ளைகளிடம் "வேற எதுவும் கிடைக்கலையா?" என்றுதானே கேட்கிறோம். கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். அரசமைப்பு, தேர்தல், உள்ளாட்சி என்று நம்மை ஆளுகிற விஷயங்களை மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஊருக்கு ஒருவராவது இதைப் படித்தவர் வேண்டும்.

அப்புறம், நவம்பர் 1 கிராம சபைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு மனு எழுதப் போகிறாளாம். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.