பச்சைக் கொப்பி

2024 பெப்ரவரி 18, ஞாயிறு

கொப்பி வாங்கி ஒரு மாதமாகிறது. இன்றைக்குத்தான் திறந்தேன். முதல் பக்கத்தில் "எனக்கு என்ன வரும்?" என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்தேன். அரை மணித்தியாலத்தில் வந்தது மூன்றுதான். சிங்களம் பேசவும் எழுதவும் வரும். கையெழுத்து நன்றாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் என்னிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் பேனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தரம் எழும்பித் தண்ணீர் குடித்தாள்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் மார்ச் 19க்கு இன்னும் முப்பது நாள்.

பெப்ரவரி 19, திங்கள்

கடிதம் இல்லை.

பெப்ரவரி 21, புதன்

இன்றும் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் பக்கம் போனேன். ஜன்னலோரம் அந்த மரப்பெட்டிக்குள் கடிதங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான் முகவரி. என் பெயரில் மட்டும் இந்த டிவிசனில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், இன்னொருத்தி இறந்துவிட்டாள், ஆனாலும் அவளுக்கு இன்னும் கடிதம் வருகிறது. பெட்டியை முழுவதும் புரட்டினேன், கை தூசியானதுதான் மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று இப்படித்தான் வந்து கிடந்தது. என் கைக்கு வந்தபோது அந்தத் திகதி கடந்து ஒன்பது நாள். யாரோடு சண்டை பிடிப்பது? அன்றைக்கு அழுதேன், அடுத்த கிழமையே கொழும்புக்குக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் இப்போது வேறு ஆளாக இருந்திருப்பேனா என்று எத்தனை இரவு யோசித்திருப்பேன். வேறு ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 23, வெள்ளி, போயா (பௌர்ணமி)

வாசல் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் சிவனொளிபாதமலை விளக்குகள் ஒரு கோடு மாதிரித் தெரிகின்றன. மார்கழிப் போயாவுக்கு ஏற்றினால் வெசாக் வரைக்கும் எரியும். நள்ளிரவில் இத்தனை பேர் ஏறுகிறார்கள், எல்லாருக்கும் எங்கே போகிறோம் என்பது தெரிகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன வருடம் அட்டனில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் ஒரு ஐயா கரும்பலகையில் நாலு கண்ணாடி வைத்த ஜன்னல் ஒன்று வரைந்தார். ஜோஹரி ஜன்னல் என்று பெயர். 1955இல் லுஃப்ட், இங்கம் என்று இரண்டு உளவியல்காரர்கள் சேர்ந்து போட்டது. ஜோசப், ஹாரிங்டன் என்ற அவர்கள் முதற்பெயர்களை ஒட்டவைத்துத்தான் ஜோஹரி. நமக்கும் தெரிந்து பிறருக்கும் தெரிந்தது ஒரு கண்ணாடி. நாம் மறைத்து வைத்திருப்பது ஒன்று. யாருக்குமே தெரியாதது ஒன்று. மிச்சமுள்ளது, மற்றவர்களுக்குத் தெரிந்தும் நமக்கு மட்டும் தெரியாதது. அன்றைக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்ததோடு சரி. இன்றைக்கு அந்த நாலாவது கண்ணாடி ஞாபகம் வந்தது. நான் தனியாக உட்கார்ந்து எத்தனை பக்கம் எழுதினாலும் அதற்குள் பார்க்க முடியாதே. கேட்டால்தான் தெரியும்.

ஐந்து பேரிடம் கேட்கப் போகிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்பேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

தம்பி: "உனக்குக் கோவம் நல்லா வரும்."

குவைத்தில் இருக்கும் சிநேகிதி வொயிஸ் அனுப்பினாள், நாலு நிமிடம். அதில் மூன்றரை நிமிடம் அவளுடைய மேடம் பற்றித்தான். கடைசியில் "ஒன்கிட்டப் பேசினா மனசு லேசாகுதுடி" என்றாள். இதை ஒரு திறமை என்று எழுதலாமா தெரியவில்லை, எழுதி வைத்தேன்.

பாலர் பாடசாலை டீச்சர்: "நீங்க எதையும் பாதியில விடமாட்டீங்க."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ சின்ன வயசிலயே இப்படித்தான். கதை சொன்னாத் தூங்கமாட்டே. அப்புறம், அப்புறம்னு கேட்டு உசிர எடுப்ப." பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்பாவிடமும் கேட்டேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி தீட்டத் தொடங்கிவிட்டார்.

பெப்ரவரி 27, செவ்வாய்

கொழுந்து இல்லை. இந்தக் கிழமை நாலு நாள்தான் வேலையாம். ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபாய். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேன் கூலி மட்டும் எட்டாயிரம் கேட்கிறார்கள்.

பெப்ரவரி 28, புதன்

மேல் லயத்து அத்தை பிஸ்கட் டின்னோடு வந்தாள். சம்பளத்தில் பிடித்த ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்க எழுதித் தரவேண்டும். பொம்பிளைக்கு ஐம்பது வயது முடிந்தால் எடுக்கலாம், அத்தைக்கு ஐம்பத்திரண்டு. ஏற்கனவே இரண்டு தரம் யாரோ எழுதிக் கொடுத்து இரண்டு தரமும் திரும்பி வந்துவிட்டது. எழுதினவருக்கு இரண்டாயிரம் வேறு கொடுத்திருக்கிறாள்.

டின்னைக் கவிழ்த்தோம். சம்பளத் துண்டுகள், தடுப்பூசி அட்டை, மாமாவின் மரணச் சான்றிதழ், ஒரு கோயில் ரசீது. எல்லாமே வெற்றிலை மணம். அடையாள அட்டையில் லக்ஷ்மி. சம்பளத் துண்டில் லெட்சுமி. பிறந்த பதிவில், அது சிங்களத்தில் இருந்தது, எழுதினவர் காதில் விழுந்தபடி லெச்சமி. மூன்றும் ஒரே பொம்பிளைதான், ஆனால் காகிதத்துக்கு அது தெரியாதே. படிவம் திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம். மூன்று பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துச் சேர்த்து அனுப்பவேண்டும். இது எனக்குத் தெரிந்த வேலை.

எழுதி முடித்துக் கொப்பியை மூடப் போனேன். என்னவோ தோன்றியது, "அத்தை, இங்க வர முதல் எங்க பேர் போட்டு வேலை செஞ்சீங்க?" என்று கேட்டேன். "அது கல்யாணத்துக்கு முந்தி புள்ள, பொகவந்தலாவப் பக்கம்" என்றாள். அப்புறம்? "அங்கதான் அப்பாரு கங்காணிகிட்ட சொல்லிப் பேர் பதிஞ்சாரு." எந்த வருடம்? தெரியாது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், கம்பனிக்காரன் தோட்டத்தை எடுத்த வருஷம்தான் தனக்குக் கல்யாணம் பேசினார்கள், அப்போதே மூன்று வருடம் மலைக்குப் போயிருந்தாள் என்று. கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்தது 1992இல். அப்படியென்றால் 1989இலிருந்து. கல்யாணம் முடிந்து இங்கே வந்தது 1995. ஆறு வருடம்! அந்த ஆறு வருடமும் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டுப் பிடித்திருப்பார்கள், தோட்டம் பன்னிரண்டு போட்டிருக்கும். வேறு அங்கத்துவ இலக்கத்தில் அது அப்படியே கிடக்கிறது.

"அந்தத் தோட்டத்துக் காசு அந்தத் தோட்டத்தோட போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை.

கைநாட்டு வாங்கினேன். அத்தைக்குக் கையெழுத்து வரும், ஆனால் பழைய பதிவில் கைநாட்டு என்பதால் இதிலும் அதுவே இருக்கட்டும் என்றாள். பெருவிரலில் ரேகையே இல்லை. முப்பது வருடக் கொழுந்துச் சாறு இறங்கிக் கறுத்த வெடிப்புகள்தான். மையில் அமுக்கி எடுத்தபோது அந்த வெடிப்புகள் வெள்ளைக் கோடுகளாகத் தாளில் விழுந்தன. காட்டாறு கிளை பிரிகிற மாதிரி இருந்தது. கண்ணை எடுக்கமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது ஒரு பை லீக்ஸ் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

பெப்ரவரி 29, வியாழன்

நாலு வருடத்துக்கு ஒரு தரம் வரும் நாள். கடிதம் இல்லை.

மார்ச் 1, வெள்ளி

சிநேகிதி ஒரு சோதனை அனுப்பினாள், போனிலேயே செய்யலாம். பீட்டர்சன், செலிக்மன் என்ற இரண்டு பேர் 2004இல் தொகுத்தது, மனிதருக்கு 24 நற்பண்புகள் என்று. கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் 24ஐயும் நமக்குரிய வரிசையில் அடுக்கித் தரும். அகராதி வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் செய்தேன், இடையில் இரண்டு தரம் டேட்டா முடிந்தது. எனக்கு முதலாவதாக வந்தது அறியும் ஆவல். இரண்டாவது விடாமுயற்சி. தலைமைத்துவம் இருபதுக்கு அப்பால்.

அறியும் ஆவலை வைத்து என்ன செய்வது? அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? விளம்பரங்களில் தலைமைத்துவம்தான் கேட்கிறார்கள். இருபத்தெட்டு வயதில் அப்பா வீட்டுக் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவுக்கு 19ஆம் திகதி. "உன்னை அறிந்தால் எல்லாம் சரியாகும்" என்று பேசுகிறவர்கள் யாரும் வேன் கூலிக்குக் கடன் கேட்டு நின்றதில்லையா? இன்றைக்கு இதற்கு மேல் எழுத மனமில்லை.

மார்ச் 2, சனி

நேற்று எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

மார்ச் 5, செவ்வாய்

அம்மா சாப்பிட்டாள். ஒரு முழு ரொட்டி.

மார்ச் 8, வெள்ளி, சிவராத்திரி

கோயிலில் மைக் செட் அலறுகிறது. தூக்கம் வராத இரவு, எழுதலாம்.

கொழும்புக் கடையில் இருந்ததை நான் எப்போதும் வீணாய்ப்போன காலம் என்றே கணக்குப் போட்டு வந்தேன். இன்றைக்கு அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எந்தெந்த நேரத்தில் மணி பார்க்க மறந்தேன், எந்த நேரத்தில் மணியையே பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டு பக்கமாக எழுதினேன். துணி மடித்த நேரமெல்லாம் மணி பார்த்த பக்கம். மறந்த பக்கத்தில் இருப்பவை: பதுளையிலிருந்து வந்த சமையல்காரப் பெரியவருக்கு மகள் விலாசம் தேடிக் கொடுத்தது. காசாளர் அக்கா விவாகரத்து முறைப்பாட்டைச் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் எழுதியது, அன்றைக்கு இரவு பதினொன்றானது கூடத் தெரியவில்லை. போன ஆகஸ்ட் 12, தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்த நாள், லீவு போட்டுப் போயிருந்தேன். இருநூறு வருடத்துக்கு முதல் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பாதை. எல்லாரும் ஊர்வலத்தோடு போக நான் ஒரு மரத்தடியில் முன்பின் தெரியாத ஒரு பாட்டியோடு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து, அவர் அம்மா எந்தக் கூடையில் எதைச் சுமந்து வந்தாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது. ஒருத்தர் சொல்கிறார், நான் கேட்கிறேன். சும்மா கேட்பதும் இல்லை, அவர்களே மறந்துவிட்ட இடம் வரைக்கும் போகிறேன். அத்தையின் ஆறு வருடமும் அப்படித்தானே வந்தது. படிவம் நிரப்ப இந்த மலையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

மார்ச் 9, சனி

ஆனால் இது ஒரு தொழிலா? தெரியவில்லை. இரவு பெரிதாகத் தெரிந்தது காலையில் சின்னதாக இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

கடிதம் இல்லை. ஆபீஸில் நின்றபோது அந்தப் பெட்டியிலிருந்த மற்றக் கடிதங்களைப் பார்த்தேன், மூன்று மாதத்துக்கு முந்தியதும் இருந்தது. கேட்டுவிட்டுப் பதினேழை எடுத்து வந்து லயம் லயமாகக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வங்கிக் கணக்குப் பற்றிய கடிதம். அந்தப் பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மார்ச் 13, புதன்

காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அம்மா வாசல் வரை வந்து நின்று பார்த்தாள்.

இரவு அப்பா தானாகப் பேசினார். நான் எதுவும் கேட்கவில்லை, அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். "பெரியப்பா போனப்ப எனக்குப் பத்து வயசு" என்று தொடங்கினார். அவருக்கு அண்ணன் ஒருவர் இருந்ததே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அப்பா பிறந்தது 1964இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்ட வருடம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நான் பாடத்தில் படித்த அந்த எண்ணிக்கையில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்பட்டபோது பெரியப்பா தன் பொத்தான் இல்லாத கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அப்பாவிடம் போட்டாராம். அப்புறம்? தலைமன்னார், அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம்? ஒரு தபால் அட்டை. அப்புறம்? அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதில் போடல. எழுத ஆள் இல்ல."

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நாலு வருடம் பள்ளிக்கூடம் போனாராம், கை முழங்கைக்கு ஏறும் வரைக்கும்.

எழும்பிப் போகும்போது, "அன்னைக்குக் கேட்டியே, ஒனக்கு என்ன வரும்னு. நீ கேட்டா சொல்லத் தோணுது. அவ்வளவுதான்" என்றார்.

ஐந்தாவது பதில்.

மார்ச் 15, வெள்ளி

சமாதான நீதவானிடம் அத்தைக்குச் சத்தியக்கடதாசி முடித்தாயிற்று. பழைய தோட்டத்துக்கு அங்கத்துவ இலக்கம் கேட்டுப் பதிவுத் தபாலில் போட்டோம். அத்தை டவுனில் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தாள், தான் பிளேன்டீ மட்டும் குடித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்காரியிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள், அந்த அம்மா தன் மருமகன் பெயரில் ஒரு பிழை இருப்பதாகச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டது.

மார்ச் 17, ஞாயிறு

அந்தத் தபால் அட்டையை அப்பா தேடி எடுத்துக் கொடுத்தார். மை மங்கிவிட்டது. கீழே ஒரு ஊர்ப் பெயர், முதல் எழுத்து கோ அல்லது கே. தேயிலை வேலைக்கு அந்தப் பக்கம் நிறையப் பேரைக் கூடலூர், கோத்தகிரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோத்தகிரியாக இருக்குமா? லாம்புக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

மார்ச் 18, திங்கள்

வேன் நாளைக்கு விடிய மூன்றரைக்கு. அம்மாவின் பை கட்டியாயிற்று, சுடுதண்ணிப் போத்தல், கம்பளிச் சால்வை, கிளினிக் கொப்பி, ஸ்கேன் உறை. அம்மாவுக்குப் பயம், வாய்விட்டுச் சொல்லமாட்டாள். விளக்கணைத்தபிறகு, "நீ சின்னதில இருந்தப்ப ஒரு ராசா கதை சொல்வேனே, அது எதில நிறுத்தினேன்?" என்று கேட்டாள். ராசா ஆற்றங்கரைக்கு வந்ததோடு நீ தூங்கிவிடுவாய் என்றேன். சிரித்தாள். இருட்டில் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றேன்.

சொல்லிக்கொண்டு இருக்கிறாள். போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன், ஆற்றில் ஓடம் இல்லையாம், ராசா